சிவப்புத் தட்டு, நீல மெஷின்

ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் ஒரு கம்பெனி, மேற்கு வாசலில் ஒரு கம்பெனி. காலையில் இரண்டு கம்பெனி ஆட்களும் ஒரே ரயிலில், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கி வழிந்துகொண்டு யோகோஹாமா வந்து சேர்வார்கள். இறங்கியதும் பாதிப் பேர் கிழக்கே திரும்புவார்கள், பாதிப் பேர் மேற்கே. அந்த நிமிஷத்திலிருந்து பரம விரோதிகள்.

விரோதம் ஒரு தட்டைப் பற்றியது. டிவிடி பழசாகிவிட்டது, டிவி அகலமாகிவிட்டது, இனி நடிகையின் கன்னத்து மருவில் முளைத்த மயிர்வரைக்கும் தெரிகிற துல்லியத் தட்டு வீட்டுக்கு வீடு வேண்டும் என்று இரண்டு கம்பெனிகளும் முடிவு செய்திருந்தன. வீட்டுக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. கிழக்கு வாசல் தட்டு சிவப்பு உறையில் வந்தது, மேற்கு வாசல் தட்டு நீல உறையில். அளவு ஒன்றுதான், பளபளப்பு ஒன்றுதான், நடுவிலிருக்கும் ஓட்டைகூட ஒன்றுதான். ஆனால் இதன் மெஷினில் அது ஓடாது, அதன் மெஷினில் இது ஓடாது.

நகுமோ ஷூஹே கிழக்கு வாசல் கம்பெனியில் மக்கள் தொடர்புத் துறையின் துணைத் தலைவர். எம்.டி. இஜூயினின் மேடைப் பேச்சுகள் எல்லாம் நகுமோ எழுதியவை. தன் வம்சத்தில் ஒரு படைத்தளபதி இருந்ததாக இஜூயின் நம்பினார். அதனால் வாரக் கூட்டத்துக்குப் 'போர்க்களம்' என்று பெயர் வைத்திருந்தார். போர் தொடங்கியதும் அவர் போட்ட முதல் உத்தரவு, அலுவலகத்தில் நீல நிறம் கூடாது என்பது. நீல டை போயிற்று, நீலப் பேனா போயிற்று. கானாங்கெளுத்தியையும் மத்தியையும் அந்த ஊரில் நீல மீன் என்பார்கள். கேன்டீன் பலகையில் அது 'கடல் மீன்' ஆயிற்று. சாலை விளக்கில் நாம் பச்சை என்பதை அவர்கள் நீலம் என்று சொல்லிப் பழகியவர்கள். எம்.டி.யின் டிரைவர் பாவம், "போகலாம்னு வந்துடுச்சு சார்" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுப்பார்.

நகுமோ தன் நீல டைகளையெல்லாம் மூட்டைகட்டி உள்ளே வைத்துவிட்டுப் புதிதாகச் சிவப்பில் வாங்கினார். ஏப்ரல் மாதம் துறைத் தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது. யாரை உட்கார வைப்பது என்பது இஜூயின் வாயில் இருந்தது. அந்த வாயிலிருந்து தன் பெயர் வர நகுமோ இருபத்தாறு வருஷமாகக் காத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மகள் மிஃபுயுவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. அந்தக் காலத்துக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண மேடையில் மணமக்களுக்கு இருபுறமும் சாட்சிப் பெரியவராக ஒரு தம்பதி உட்கார வேண்டும். மேலதிகாரியை அழைத்து உட்கார வைப்பது மரியாதை. அழைக்காமல் விட்டால் அது ஒரு செய்தி. நகுமோ மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே எம்.டி.யை அழைத்துவிட்டார். இஜூயின் அகமகிழ்ந்து ஒப்புக்கொண்டு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"மணமக்களோட சின்ன வயசுப் படம் போடுவாங்களே, அது நம்ம தட்டுலதான் ஓடணும். மெஷினை நானே அனுப்பறேன். வர்ற அத்தனை பேரும் வாயைப் பொளந்துட்டுப் பாக்கணும்."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தைச்சி வீட்டுக்கு வந்தான். பணிவான பையன். வாசலில் செருப்பைத் திருப்பி ஒழுங்காக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டை நீட்டினான். நகுமோவும் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். மேற்கு வாசல்.

"தட்டுத் துறையா?" என்றார், கார்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லை மாமா. சோறு வடிக்கிற குக்கர் துறை."

நகுமோவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மறுநாள் எம்.டி. கேட்டபோது, "மாப்பிள்ளை ரைஸ் குக்கர் செய்றவர் சார்" என்றார். பொய் இல்லை. எங்கே செய்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"பேஷ். சோத்துத் தொழில் தோக்காது" என்றார் இஜூயின்.

வீட்டில் இது எடுபடவில்லை.

"என்னங்க, கல்யாணத்தன்னிக்கு அந்தப் பையனோட மேலதிகாரி மைக்கைப் பிடிச்சு 'எங்க கம்பெனி, எங்க கம்பெனி'ன்னு பேசுவாரே, அப்ப என்ன பண்ணுவீங்க? மேசைக்கடியில போய் உக்காந்துக்குவீங்களா?" என்றாள் மனைவி ஃபுசாயெ.

"அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிடலாம்."

"அப்பா, வழியெல்லாம் வேணாம்" என்றாள் மிஃபுயு. "நீங்களே போய் உங்க எம்.டி.கிட்டச் சொல்லிடுங்க. தைச்சி எந்தக் கம்பெனின்னு மறைச்சு வச்சுத்தான் நான் மேடையில உக்காரணும்னா, உக்கார மாட்டேன். தட்டுக்காகவா கல்யாணம் பண்ணிக்கிறேன்? நான் தட்டே பாக்கறதில்ல. எல்லாம் கம்ப்யூட்டர்லயே வருது."

"அது தீப்பெட்டி சைஸுல புகை மாதிரி வர்றது. அதைப் போய்ப் படம்னு சொல்லாத."

"எனக்குத் தெரியறது போதும்ப்பா."

சொல்லிவிடுவது என்று நகுமோ எம்.டி. அறைக்குப் பல முறை போனார். ஒரு முறை இஜூயின் ஜன்னலருகே நின்று மேற்கு வாசலைத் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை, ஏதோ ஒரு படக் கம்பெனி நீலத்துக்குத் தாவிவிட்டது என்று அந்தக் கம்பெனியின் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நகுமோ குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பிவந்தார்.

ஜனவரியில் நாட்காட்டிகள் வரிசையாகக் கழன்றன. பிப்ரவரியில், கல்யாண வாரத்துச் செவ்வாய்க்கிழமை, கிழக்கு வாசல் கம்பெனி சிவப்புத் தட்டைக் கைவிட்டது. அறிவிப்பை எழுதியவர் நகுமோ. அதில் தோல்வி என்ற சொல் கிடையாது. 'சந்தையின் மனநிலையை மதித்து, நன்றியுடன் ஒதுங்கி வழிவிடுகிறோம்' என்று இருந்தது. படித்துப் பார்த்த இஜூயின், "ஜெயிச்சவன்கூட இவ்வளவு அழகா எழுத மாட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதைவிட மோசமான நேரம் இனி வராது என்று தோன்றியதால் நகுமோ அங்கேயே தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டார். "சார், மாப்பிள்ளை மேற்கு வாசல். நான் முன்னாலேயே சொல்லியிருக்கணும். நீங்க வரலைன்னாலும் புரிஞ்சுக்கறேன்."

இஜூயினின் குரல் கேட்டது. அதில் சோகத்தைக் காணோம்.

"அவங்க பக்கத்துலேருந்து யார் வர்றாங்க?"

"ஓகிஷிமான்னு ஒரு பிரிவுத் தலைவர். குக்கர்தான். ஆனா அவங்க முதலாளி வீட்டுக்குச் சொந்தம்னு மாப்பிள்ளை சொன்னார்."

"ஏம்ப்பா, இதை ஏன் முன்னாடியே சொல்லலை? நாளைக்கு நாமளும் நீல மெஷின் செய்ய வேண்டியதுதானே? உரிமம் கேட்டு யார்கிட்டப் போய் நிக்கறது? நான் எப்பவும் சொல்வேனே, வீரன்னா எதிரியோட பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கணும்னு."

அப்படி அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் நகுமோ தலையசைத்தார். வீட்டுக்குப் போகும் ரயிலில் நிம்மதியாகத் தூங்கினார், மேற்கு வாசல்காரர் ஒருவர் தோளில்.

கல்யாணம் நல்ல நாளில், துறைமுகம் தெரிகிற ஹோட்டலில். கல்யாணத்தில் ஆண்களுக்கு வெள்ளை டைதான் வழக்கம் என்பதால், யார் எந்த வாசல் என்று கழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இஜூயின் தம்பதி காலையிலேயே மேடையேறிவிட்டார்கள். சொன்னபடி மெஷினும் வந்திருந்தது, ஊதாப் பட்டுத் துணியில் மூட்டைகட்டி, சிவப்பு வெள்ளைக் கயிறு சுற்றி. பெரியவர் அனுப்பிய பொருளை அவர் உத்தரவில்லாமல் பிரிக்கலாமா? யாரும் பிரிக்கவில்லை.

முதலில் இஜூயின் பேசினார். கல்யாணப் பேச்சில் முடிந்தது, பிரிந்தது, அறுந்தது, உடைந்தது, திரும்பி வந்தது போன்ற சொற்கள் அபசகுனம். அவற்றை வாயில் எடுக்கக் கூடாது. அந்த வாரத்தில் அவர் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேறு சொற்களே இல்லை. ஆகையால் பேச்சு சுருக்கமாக அமைந்து, எல்லோரும் பாராட்டினார்கள்.

அடுத்துப் பேசிய ஓகிஷிமா பருமனான, நல்ல மனிதர். தோற்றவர்கள் மனம் புண்படக் கூடாதென்று சொந்தக் கம்பெனியின் பெயரையே உச்சரிக்காமல் அரிசியைப் பற்றி மட்டும் பேசி உட்கார்ந்தார்.

படம் போடும் நேரம் வந்தது. இஜூயின் தலையசைக்க, மூட்டை அவிழ்ந்தது. சற்று நேரத்தில் மண்டபத்து ஆள் நகுமோவின் காதருகே வந்து குனிந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்க குடுத்த தட்டு சிவப்புங்க. வந்திருக்கிற மெஷின் நீலம்."

நகுமோவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. செத்துப்போன மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் சங்கடப்படுவார்கள் என்று எம்.டி. யாருக்கும் சொல்லாமல் கடையில் நீல மெஷின் வாங்கி அனுப்பியிருக்கிறார். நகுமோ தைச்சியின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"மாப்பிள்ளை, இதே படத்தை உங்க வீட்டுக்காக நீலத்துலயும் ஒரு காப்பி எடுத்தீங்களே?"

தைச்சியின் முகம் வெளுத்தது. "வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன் மாமா. உங்க எம்.டி. முன்னாடி நீலத்தை எடுத்தா குத்திக் காட்டற மாதிரி இருக்கும், கொண்டுவரவே வேணாம்னு ஓகிஷிமா சார் சொல்லிட்டாரு."

யாராவது ஒருவர் ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் கேட்டால் தோல்விப் பேச்சை எடுத்த மாதிரி ஆகுமே என்று இரண்டு வாசலும் கேட்காமலே இருந்துவிட்டன.

"என்னப்பா?" என்றாள் மிஃபுயு, உதட்டை அசைக்காமல், சிரித்த முகம் மாறாமல்.

"தட்டு ஏறலைம்மா."

"அவ்வளவுதானே? அதோ, மூணாவது மேசையில என் ஃப்ரெண்ட் ரிட்சு இருக்கா. லேப்டாப் வச்சிருப்பா. ஹொக்கைதோ அத்தையால வர முடியலைன்னு படத்தைப் போன வாரமே நெட்ல ஏத்திட்டேன். அதைப் போடச் சொல்லுங்க."

விளக்கு அணைந்தது. திரையில் மூன்று வயது மிஃபுயு தர்ப்பூசணி தின்றாள். கதாநாயகியின் முகம் நறுக்கி வைத்த டோஃபு மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. பள்ளி ஓட்டப் பந்தயத்தில் தைச்சி விழுந்து எழுந்தபோது, படமும் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு எழுந்தது. ஃபுசாயெ அழுதாள். ஓகிஷிமா கைக்குட்டையை எடுத்தார். இஜூயினின் மனைவி தேம்பியது மைக்கில் கேட்டது.

விளக்கு வந்ததும் இஜூயின் ஓகிஷிமாவின் மேசைக்கே இறங்கிப்போய்க் குனிந்து அவர் கோப்பையில் சாக்கே மது ஊற்றினார். நகுமோ பின்னால் நின்றார்.

"ஒத்துக்கறேன் ஐயா. நீலம்னா நீலம்தான். அந்தத் தர்ப்பூசணி விதையை எண்ணலாம் போல இருந்துது."

"அய்யோ, அது உங்க சிவப்போட பெருந்தன்மைங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், அந்தச் சிவப்பு வேற யாருக்கும் வராது."

"இல்லை இல்லை, நீலம்."

"நீங்க பெரிய மனசோட சொல்றீங்க. சிவப்புதான்."

இருவரும் மாறி மாறிக் குனிந்தார்கள். பிறகு இஜூயின் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார். "நகுமோ, எழுதிக் குடு. நீலத் தட்டோட துல்லியத்தைக் கண்ணால கண்டேன்னு ஒரு அறிக்கை, என் பேர்ல. ஏப்ரல்ல நீ அந்த நாற்காலியில உக்காந்து பண்ற முதல் வேலை அதுவாத்தான் இருக்கணும்."

இருபத்தாறு வருஷம் காத்திருந்த வாக்கியம் அது. "ஆகட்டும் சார்" என்று சொல்ல நகுமோவின் வாய் தானாகவே திறந்தது. மேடையிலிருந்து மிஃபுயு பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலே மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"சார், அது நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. தட்டு ஏறலை. நெட்லேருந்து என் பொண்ணு போட்டது. தீப்பெட்டி சைஸ் படம்தான், பெருசாக்கிக் காட்டினோம்."

ஓகிஷிமாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. இஜூயின் திரையைப் பார்த்தார். அணைந்த திரைதான், இருந்தாலும் சற்று நேரம் பார்த்தார்.

"அப்ப அந்த விதை?"

"விதையே தெரியலை சார்."

ஏப்ரலில் ஆணை வந்தது. நகுமோவைத் துறைத் தலைவர் ஆக்கியிருந்தார்கள். மக்கள் தொடர்புக்கு அல்ல. நெட்டில் வரும் படங்களுக்கென்று 'வலைப்பட ஆயத்தத் துறை' எனப் புதிதாக ஒன்றுக்கு. ஜன்னலோரம் ஒரு மேசை, கீழே ஆட்கள் யாரும் கிடையாது. அதே வாரம் போர்க்களத்தில் எம்.டி.யின் இன்னொரு உத்தரவு வாசிக்கப்பட்டது: மேற்கு வாசலோடு உரிமப் பேச்சு நடப்பதால் இனி அலுவலகத்தில் சிவப்பு டை கட்டக் கூடாது. கேன்டீன் பலகையில் நீல மீன் பெரிய எழுத்தில் திரும்பி வந்தது. நகுமோ பழைய டைகளைத் தேடி எடுத்தார். இரண்டைப் பூச்சி அரித்திருந்தது.

மே மாத விடுமுறையில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள், கையில் தைச்சியின் துறை செய்த புது மாடல் குக்கர்.

"இதை எங்க வைக்கறது? சமையல்கட்டுல இடமே இல்லையே" என்றாள் ஃபுசாயெ.

கூடத்தில் டிவிக்குக் கீழே சிவப்பு அணி மெஷின் தூசி படிந்து கிடந்தது. தைச்சி அதைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், பிறகு மரியாதையாகத் தரையைப் பார்த்தான்.

"வைங்க மாப்பிள்ளை" என்றார் நகுமோ. "அகலம் சரியாத்தான் இருக்கும்."