கலங்கிய சீரம்

நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா, மலைப்பாதையின் வளைவுக் கணக்கு தப்பிவிட்டது, தப்பினால் என்ன, எழுபது வளைவையும் எண்ணி முடித்தால்தான் கரு ஒட்டும் என்று எந்த டாக்டரம்மா சொன்னாள்... பஸ் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ராஜேஸ்வரி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காலையில்தான் சேலத்து ஆஸ்பத்திரியில் உள்ளே வைத்தார்கள், கிண்ணத்தில் மூன்று நாள் வளர்ந்த இரண்டு கருக்கள். கிண்ணத்தில் வளர்வதற்கும் சாப்பாடு வேண்டுமாமே, தாயின் ரத்தத்தை உறையவைத்து, மேலே தெளிகிற மஞ்சள் நீரை மருந்துத் தண்ணீரில் கலப்பார்களாம், சீரம் என்று பேர், அதுதான் சத்து. வெறும் வயிற்றோடு வரச்சொல்லி நர்ஸ் இரண்டு தரம் சொன்னாள், துணைக்கு வந்த ஓரகத்தி சென்னம்மாளும் பக்கத்தில் நின்று கேட்டாள். வெறும் வயிறு... பதினோரு வருஷமாக வேறென்ன வைத்திருக்கிறேன்?

ஆனால் ரத்தம் கொடுக்கப் போன அன்று விடியற்காலையில் மாமியார் விடவில்லை. "ரத்தம் குடுக்கப் போறவ பட்டினியாவா போவ? ரெண்டு வாய் தின்னுட்டுப் போ கண்ணு." பதினோரு வருஷத்தில் முதல் கண்ணு. அந்தச் சொல்லுக்காகத்தான் தின்றாளா, நெய் மிதக்க நாலு முட்டை, பொரித்து வைத்தது சென்னம்மாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே... ஆஸ்பத்திரிக் குழாயில் சீரம் பால் மாதிரி வெளுத்து நின்றது. கொழுப்பு ஏறிப்போச்சு, ஆகாது என்று நர்ஸ் கொட்டிவிட்டாள். உடனே சென்னம்மாள் கையை நீட்டினாள். "என்னுத எடுத்துக்குங்க, நான் பச்சத்தண்ணி கூடக் குடிக்கலீங்க. வளைவுல வாந்தி வருமின்னு தின்னுட்டுப் பஸ் ஏறவே மாட்டனுங்க." சோதித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள், அவளுடைய சீரத்தில்தான் இரண்டும் வளர்ந்தன, நல்லவள், மூன்று பெற்றவள், காலைத் தொட்டிருக்க வேண்டும், ஏன் குனிய மனம் வரவில்லை? அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்து ஒரே பேச்சு. "பொறந்தா பாதிப் புள்ள என்னுதுதான்." மாமியார்கூட இப்போது அவளுக்குத்தான் பால் காய்ச்சித் தருகிறாள்.

பஸ் மறுபடி திரும்பியது. யாரோ ஜன்னல் வழியாக வாந்தியெடுத்தார்கள். சென்னம்மாள் மடியில் அடிவாரத்துக் காரவள்ளியில் வாங்கிய பலாச்சுளைப் பொட்டலம், மலையேறத் தொடங்கியதிலிருந்து மென்றுகொண்டே வருகிறாள், பாதிக்கு மேல் காலி, கொட்டைகளை முந்தானை ஓரத்தில் சேர்த்து முடிந்தும் வைத்திருக்கிறாள், முகத்தில் ஒரு வாட்டம் இல்லை...

"ஏங்க்கா, தின்னுட்டுப் பஸ் ஏறவே மாட்டன்னீங்களே, வாந்தி வரலியா?"

மென்ற வாய் நின்றது. பிறகு, "இன்னைக்கு என்னமோ வரல சாமி" என்று ஒரு சுளையைப் பிய்த்து நீட்டினாள். ராஜேஸ்வரி வாங்கவில்லை. வயிற்றிலிருந்த கை தானாகக் கீழே இறங்கியிருந்தது, எந்த வளைவில் இறங்கியது என்று தெரியவில்லை, அடுத்த வளைவு வந்தது, கையை மறுபடி அங்கே வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்...