மரம் சொன்னதாக ஷர்மினி சொன்னது

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிண்டல் கட்டுரை எழுதத்தான் பாலோ என்ற சிற்றூருக்குப் போனேன். ஞாயிறு காலைகளில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில், ஒரு பழைய தூங்குமூஞ்சி மரத்தடியில்* முப்பது பேர் கண்ணை மூடி மரத்தோடு பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் இருக்கும் தெப்ராவிலிருந்து காரில் போகும்போதே தலைப்பு தயார்.

கதையாக எழுதலாம் என்பது பிறகு வந்த யோசனை. [பிறகு என்றால், ஆம்புலன்ஸ் போன பிறகு.]

* மாலையானால் இலைகளை மடக்கிக்கொள்ளும் மரம். தூங்குவது மரமா, அடியில் இருப்பவர்களா என்று ஒரு வரி வைத்திருந்தேன். இப்போது படிக்கக் கூசுகிறது.

2.

முதல் தொடக்கம்: "பனி விலகாத அந்தக் காலையில் இயற்கை தன் மடியை விரித்து" — வேண்டாம். நம்பாதவன் எழுதியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "கனகராஜ் ஒரு போலி." ஆதாரமில்லை. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தியானம் நடத்துகிறார், எல்லாரும் மாஸ்டர் என்கிறார்கள். யாரிடமும் எதையும் கேட்டு வாங்காதவர். அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

ஆகவே ஷர்மினியிலிருந்து தொடங்குகிறேன். நாற்பது வயதிருக்கும். மூவாரிலிருந்து வருவார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, எப்போதும் ஒரே இடத்தில் உட்காருவார்.

3.

நான் போன மூன்றாவது ஞாயிறு அது. தியானம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். ஷர்மினி கண்ணைத் திறந்தார். [எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாளும் மூடியதில்லை.] திரும்பி உட்கார்ந்து விரல் முட்டியால் மரத்தைத் தட்டினார். நகர்ந்து இன்னோர் இடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மூன்றாவது இடத்தில் சத்தம் வேறு மாதிரி வந்தது. காலிப் பெட்டியைத் தட்டினால் வருமே, அப்படி.

பிறகு எழுந்து நின்றார்.

"மாஸ்டர், மரம் நம்மள எழுந்து போகச் சொல்லுது. எல்லாரும் தள்ளி உட்காரலாம்."

கனகராஜ் கண்ணைத் திறக்கவில்லை. "மனசு அப்படித்தாம்மா வெளையாடும். கவனிச்சிட்டு விட்டுடுங்க."

"மனசு இல்ல மாஸ்டர். மரந்தான்."

பின்னால் யாரோ வியப்பதுபோல் சிரித்தார். "அலமாக், நம்மகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது லா!"

கனகராஜ் இப்போது கண்ணைத் திறந்தார். "வேற யாருக்காச்சும் ஏதாவது தோணுதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. இருவரும் பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறார்கள், அடுத்து ஓர் அற்புதம் வரப்போகிறது என்று முடிவுகட்டியிருந்தேன்.

ஷர்மினி ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து உலுக்கினார். எரிச்சலோடு ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப்போனார்கள். பாலோவிலேயே குடியிருக்கும் பேச்சியம்மாள் மட்டும் அசையவில்லை. அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி. "ஒக்காரவே எனக்கு பத்து நிமிசம் ஆச்சு புள்ள. மறுபடி எழுந்திரிக்கவா? போ லா."

காற்று இல்லை. ஷர்மினி தட்டிய பக்கத்திலிருந்த பெரிய கிளை அப்படியே இறங்கியது.

[பறவைகள் அலறிப் பறந்தன என்று எழுதி அடித்துவிட்டேன். பறவைகளை நான் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தேன், மரத்தின் பக்கமாக அல்ல.] பேச்சியம்மாளின் வலது தோளும் கையும் கிளைக்கடியில் மாட்டிக்கொண்டன. முதலில் அவரிடம் போனவர் ஷர்மினி.

4.

அடுத்த ஞாயிறு, திடலின் மறுகோடியில் நின்று, "மரம் நம்ம ஷர்மினியத் தேர்ந்தெடுத்திருக்கு" என்றார் கனகராஜ். ஷர்மினியின் கையைத் தொட்டுப் பார்க்க நூறு பேர் வந்திருந்தார்கள். அவர் வரவில்லை. குளுவாங் மருத்துவமனையில், பேச்சியம்மாளின் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"உண்மையச் சொல்லுங்க. மரம் பேசுச்சா?" என்று அங்கே போய்க் கேட்டேன்.

"பன்னெண்டு வருசமா ஃபர்னிச்சர் ஃபேக்டரில பலகை தட்டிப் பாக்குறதுதாண்ணே என் வேலை. உள்ள உளுத்திருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "அப்ப ஏன் மரம் சொல்லுதுன்னீங்க?"

"உளுத்துப்போச்சுன்னு சொன்னா, உனக்கென்ன தெரியும்பாங்க. மரத்தோட பேச வந்தவங்கதானே, மரமே சொல்லுதுன்னா எழுந்திரிப்பாங்கன்னு நெனச்சேன்."

கதை முடிந்தது என்று எழுந்தேன். அவர் முடிக்கவில்லை.

"ஆனா ஒண்ணுண்ணே. ரொம்ப நாளா அதே எடத்துலதான் சாயறேன். தட்டிப் பாக்கணும்னு ஒருநாளும் தோணல. அன்னிக்கு முதுகுல கைவச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சு. தட்டுனது அதுக்கப்புறம்."

"காத்தா இருக்கும்."

"காத்து ஏதுண்ணே? நீங்களுந்தான் கண்ணத் தொறந்துகிட்டு இருந்தீங்களே. எல்லாத்தையும் பாத்தீங்கல்ல?"

5.

முடிவு, ஒன்று: தொழில் பழகிய காது. கைவைத்துத் தள்ளியதுபோல் இருந்ததெல்லாம் பயத்தில் பிறகு சேர்ந்தது. முடிவு, இரண்டு: மரம் தன்மேல் சாய்ந்தவளைத் தள்ளிக் காப்பாற்றியது. முதலாவதை எழுத என் கை துடிக்கிறது. அதனாலேயே அதைச் சந்தேகிக்கிறேன். இரண்டிலுமே, சத்தம் கேட்டும் வாய் திறக்காத நான் வரவில்லை என்பதையும் கவனித்தேன். ஆக, இரண்டுமே எனக்கு வசதி.

ஆகவே வார்டுக்குள் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்து, இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார் பேச்சியம்மாள். ஷர்மினி தட்டியதைப் பார்த்தேன், அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது, மாஸ்டர் கேட்டபோது பேசாமல் இருந்துவிட்டேன் என்று சொன்னேன்.

கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டாவது ஆளும் சொல்லிருந்தா நான் எழுந்திருச்சிருப்பேன் தம்பி. ஏன் சொல்லல? அந்தப் புள்ளய நம்பலயா? இல்ல, என்னதான் நடக்குதுன்னு வேடிக்கை பாத்தியா?"

இரண்டில் ஒன்றைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதிப் பார்த்தேன். இரண்டு விதமாகவும் வாக்கியம் அழகாகவே வந்தது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. 'நம்பவில்லை.' 'வேடிக்கை பார்த்தேன்.' நீங்களே ஒன்றை அடித்துவிடுங்கள்.