செத்தவீட்டுக் குளிசைகள்

என் கணவரைக் கொல்லப் பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல மனம் படைத்தவர்கள். குருநகரில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அத்தனை பெண்களையும், முக்கியமாக அவருடைய தங்கை யசிந்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும்.

போர் நடந்த தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அது. கொழும்பிலிருந்து மருந்து வருவதில்லை, வந்தாலும் ஒரு கையளவுதான். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்திருந்தது. ஒரு வீட்டில் நோயாளி கண்ணை மூடினால் மிஞ்சிய மருந்தை எறியமாட்டார்கள், நோயாளி இருக்கிற இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். புண்ணியமான காரியம்தான். அந்தப் புண்ணியம் முழுவதும் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஊரறிந்த நோயாளி என் கணவர் கனிசியஸ்.

வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது உண்மை. ஆஸ்பத்திரியில் நோ தெரியாமலிருக்கக் கோடீன் குளிசை கொடுத்து, நாளுக்கு மூன்று போடச் சொன்னதும் உண்மை. ஆறு மாதத்தில் முதுகு சுகமாகிவிட்டது. குளிசை மட்டும் நிற்கவில்லை. மூன்று ஆறாகி, ஆறு பதினாலாகியது. இல்லாத நாளில் வியர்த்து, மூக்கு வடிந்து, வயிற்றால் போய், வாயில் வந்ததையெல்லாம் பேசுவார். நோ திரும்பி வந்துவிட்டதென்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். யாராவது சாகக் கிடந்தால் முதலில் போய்த் தலைமாட்டில் குந்துகிறவர் அவர்தான். செபம் சொல்லப் போகிறார் என்று ஊர் நினைத்தது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அத்தனை குளிசையையும் கடலில் கொட்டினேன். அது என் பிழை. இரண்டு நாள் சத்தியெடுத்தும் நடுங்கியும் அவர் கிடந்து உருண்டதைப் பார்த்து யசிந்தா என்னைக் கொலைகாரி என்றாள். மூன்றாம் நாள் வட்டுக்கோட்டையில் இருந்த பரமலிங்கம் டொக்டரிடம் அவரைக் கூட்டிப்போனேன். டொக்டரும் முதலில் என் மேல்தான் பாய்ந்தார். திடீரென்று நிறுத்தினால் எந்த உடம்பும் இப்படித்தான் துடிக்கும், இது குணக்கேடு இல்லை, நோய், மருந்துக்கு உடம்பு பழகியதால் வந்த வருத்தம் என்றார். கிழமைக்கு ஒவ்வொன்றாகக் குறைக்கவேண்டும். குளிசை என் கையில் இருக்கவேண்டும். கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லவேண்டும்.

“குறைஞ்ச பிறகு பழைய அளவிலை ஒருக்கால் போட்டாலும் மூச்சு நிண்டுபோகும்,” என்றார். “ரெண்டு பேரும் இதை நல்லாக் கேளுங்கோ.”

மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிய கனிசியஸ், ஊருக்குச் சொன்னால் கடலில் விழுவேன் என்று நின்றார். நானும் விட்டுவிட்டேன். எனக்கும் வெட்கம்தான். சாராயத்துக்கு அடிமை என்றால் துணைக்கு ஊரில் நூறு பேர் உண்டு. குளிசைக்கு அடிமை என்றால் யாருக்குப் புரியும்? வருகிற மருந்தை நானே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பத்துக் கிழமையில் பதினாலு நாலாகியது. சோறு கேட்டுச் சாப்பிட்டார். கரைக்குப் போய்க் கிழிந்த வலை பொத்தினார். அந்த நேரம் பார்த்து யசிந்தாவின் மாமனார் செபமாலை புற்றுநோயில் இறந்தார். நான் எண்ணி எண்ணிக் கொடுத்து அவளுடைய அண்ணனை வதைக்கிறேனாம். அதனால் மிஞ்சிய குளிசைப் போத்தலை எனக்குத் தெரியாமல் நேரே அவர் கையில் கொடுத்தாள்.

நான் சந்தையால் வந்தபோது அவர் பாயில் கிடந்தார். உதடு நீலம். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன், கத்தினேன். அயலாரைக் கூப்பிட்டுத் தள்ளுவண்டிலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பழைய அளவில் பதினாலையும் ஒரேயடியாகப் போட்டிருந்தார். மயிரிழையில் தப்பினார்.

அவர் வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சனம் கலைய முன்னரே கோயில் வாசலில் நின்று சொன்னேன். அவரும் பக்கத்தில்தான் நின்றார். நான் வாய் திறப்பேன் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

“என்ரை மனுசனுக்கு முதுகிலை நோ இல்லை. குளிசை இல்லாமல் இருக்க ஏலாத வருத்தம். நீங்கள் குடுக்கிற மருந்திலை அவர் சாகப் பாத்தவர். இனி ஆரும் ஒண்டும் குடுக்காதேங்கோ.”

யசிந்தா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். புருஷனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன் என்றாள் ஒருத்தி. வைத்தேன்தான் என்றேன். உங்கள் நல்ல மனதைக் கொண்டுபோய் வேறு எங்கேயாவது கொட்டுங்கள் என்றும் சொன்னேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கனிசியஸ் சொன்னார்:

“நீ என்னைச் சாக விட்டிருக்கலாம், மக்டலீன். இனி உன்னோடை எனக்குக் கதை இல்லை.”

சொன்னபடியே செய்தார். பாயை விறாந்தைக்கு மாற்றினார். காலையில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டுவார். நான் குளிசையை வைப்பேன். விழுங்கிவிட்டுப் போவார். நாலு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி, பாதியாகியது. அந்தப் பாதியில் இரண்டு மாதம் சிக்கிக்கொண்டு நின்றோம். அதை விட்டால் வியர்வையும் நடுக்கமும் திரும்பி வந்தன. ஒரு சொல் பேசாத மனிதரின் கை நடுங்குகிறதா என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிப் போனது.

ஒருநாள் காலை பாதிக் குளிசையோடு குசினி வாசலில் நின்றேன். அவர் வந்தார். கையை நீட்டவில்லை. என்னைத் தாண்டிப் போய், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தார். நின்ற இடத்திலேயே விம்மி விம்மி அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் கை நீளவில்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை.

இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசவே வேண்டாம். ஆயுள் முழுக்க என்னை வெறுத்துக்கொண்டு இருக்கட்டும். அதற்கு அவர் உயிரோடு இருக்கவேண்டுமே.