ஊர்வலத்துக்குள் புகுந்த படகு

ஆர்லோ அத்தானுக்கு ஏரிக்குப் போனால் படகு வேண்டும், படுத்தால் சொந்த மெத்தை வேண்டும். இரண்டையும் ஒரே நடையில் கொண்டுபோக அவர் கண்டுபிடித்த வழிதான் எல்லாவற்றுக்கும் காரணம். பிக்கப் வண்டிக்குப் பின்னால் தங்கும் டிரெய்லர். அதன் பின்னால் இன்னொரு கொக்கி போட்டு, சக்கர வண்டியில் ஏற்றிய படகு.

வெல்டா அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். சுற்றி வரவே நேரமாயிற்று.

"இது என்ன, கூட்ஸ் ரயிலா?"

"சட்டப்படி சரிதான் வெல்டா. நம்ம ஐடஹோ மாநிலத்துல டிரெய்லருக்குப் பின்னாடி இன்னொண்ணு இழுக்கலாம். நீளம் மட்டும் மீறக் கூடாது. டேப் புடிச்சு அளந்தாச்சு."

"ஏரி ஐடஹோலயா இருக்கு? பக்கத்து மாநிலம் வாஷிங்டன்ல இருக்கு. அங்க இது ஆகாது, தெரியும்ல?"

"அதுக்குத்தானே என் சிநேகிதன் ஹாங்க்கை வரச் சொல்லியிருக்கேன்! லூயிஸ்டன்ல, எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே மளிகைக்கடை மைதானத்துல நிப்பான். படகை அவன் வண்டியில மாட்டிட்டா தீந்தது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "லைல், நீயும் வாடா. நாளைக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேணும்."

லூயிஸ்டன் மலை இறக்கம் வரை நன்றாகத்தான் போனோம். இறக்கத்தில் பின்சீட்டிலிருந்த எனக்கு இடுப்பு ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு மறுபக்கமாக. கடைசியில் மாட்டிய படகு டிரெய்லரின் வாலை அமுக்கியதில் அதன் மூக்கு லேசாகிவிட்டது. மூக்கு லேசான டிரெய்லர் சும்மா இருக்காது, ஆடும்.

"ஏங்க, யாரோ இடது பக்கமா நம்மள ஓவர்டேக் பண்ண வர்றான்," என்றாள் அக்கா.

அத்தான் கண்ணாடியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அது யாரோ இல்ல. நம்ம படகு."

"பிரேக்கைப் போடுங்க!"

"போட்டா மடங்கிக்கும்டி! பேசாம இரு!"

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பிக்கப்பின் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லரின் பிரேக்குக்கென்று தனியாக இருந்த கைப்பிடியை மட்டும் மெதுவாக அழுத்தினார். படகு இன்னும் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டு இடத்துக்குப் போயிற்று. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்குக் குரல் திரும்பி வந்தது. ஊருக்குள் நுழையும் வரை அவள் நிறுத்தவேயில்லை. அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டியதில் அத்தான் மளிகைக்கடைத் திருப்பத்தைத் தவறவிட்டார்.

"பரவால்ல, அடுத்த தெருவுல திரும்பிக்கலாம்," என்றார்.

அடுத்த தெரு முனையில் ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்ததும், "லேட்டா வர்றீங்களே, சீக்கிரம், சீக்கிரம்!" என்று கொடியாட்டி உள்ளே விட்டார். உள்ளே போன பிறகுதான் முன்னால் பள்ளிக்கூட பேண்டு வாசித்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. பின்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் வண்டியை இழுத்து வந்தது. வைக்கோல் மேல் கிரீடத்தோடு அந்த வருஷச் செர்ரித் திருவிழா ராணி. இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது.

"அத்தான், இது திருவிழா ஊர்வலம். பின்னால எடுங்க," என்றேன்.

"எப்படிடா எடுக்கறது? ரெண்டு மூட்டு இருக்கு. நான் வலது பக்கம் ஒடிச்சா டிரெய்லர் இடது பக்கம் போகும், படகு எங்க போகும்னு அதுக்கே தெரியாது. ராணி மேல ஏத்தச் சொல்றியா?"

ஆகவே முன்னால் போனோம். மேடையில் மைக் வைத்திருந்தவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார், எங்களைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். கடைசியில் படகின் பக்கவாட்டில் அத்தான் பெயிண்டால் எழுதியிருந்த பெயரைப் படித்தார்.

"அடுத்து வருவது... 'வெல்டாவின் பொறுமை'! எவ்வளவு நீளம் பாருங்க! ஜோரா கைதட்டுங்க!"

ஊரே கைதட்டியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையசைத்தாள். "சிரிங்க," என்றாள் அத்தானிடம், "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

கூட்டத்தில் ஹாங்க் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த ஐஸ்கிரீம் கீழே விழுந்தது. நான் கையசைத்தேன். வேறென்ன செய்வது?

ஊர்வலம் நேராகப் பாலத்தில் ஏறியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன். கூடவே ஒரு வாஷிங்டன் போலீஸ்காரம்மா. பேண்டு கலைந்ததும் எங்கள் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், பின்னால எத்தனை இழுக்கறீங்க?"

"எந்த மாநிலத்துக் கணக்குல கேக்கறீங்க மேடம்?"

அக்கா அத்தானின் தொடையில் கிள்ளியது எனக்கே கேட்டது.

போலீஸ்காரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ஊர்வலத்துல வந்த வரைக்கும் நான் பாக்கல. இங்கேருந்து படகோட ஒரு அடி நகந்தீங்கன்னா பாத்துடுவேன்."

அந்த இடத்திலேயே படகைக் கழற்றினோம். டிராக்டர்க்காரர் இறங்கி வந்து, "நான் ஏரிப்பக்கம்தான் போறேன். என் வைக்கோல் வண்டிக்குப் பின்னால மாட்டிக்கறேனே?" என்று அன்பாகக் கேட்டார்.

"அதுவும் ரெண்டுதான்யா!" என்றார் போலீஸ்காரம்மா. இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாலத்தை மறுபடி வண்டிகளுக்குத் திறந்துவிட்டதும் ஹாங்க் தன் வண்டியோடு வந்தார். "ஏன்டா ஆர்லோ, நான் காலையிலிருந்து வெயில்ல காயறேன். நீ என் மூஞ்சிக்கு முன்னாடியே கையாட்டிட்டு போறியா?"

"கையாட்டினது லைல்," என்றார் அத்தான்.

ஹாங்க் முணுமுணுத்துக்கொண்டே படகை மாட்டினார். ஏரியில் அத்தான் மூன்று மீன் பிடித்தார். அக்கா அவரோடு பேசாததால் மூன்றையும் அவரே கழுவி, அவரே வறுத்தார். திரும்பும்போது ஹாங்க் கையை விரித்துவிட்டார், "இனி என்னைக் கூப்பிடாதே." அதனால் படகை ஏரிக்கரையில் கட்டிப் போட்டு, எங்களையும் டிரெய்லரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அத்தான் படகுக்காக மறுநாள் மறுபடியும் அவ்வளவு தூரமும் தனியாக ஓட்டிப் போனார். நான் கூடப் போகவில்லை. அக்கா சாண்ட்விச் மட்டும் கட்டிக் கொடுத்தாள்.