ஓடைப் பக்கமாகப் போன பிள்ளை

மகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போவது யாருக்கும் தெரியாது என்றுதான் கெத்தவான் நினைத்திருந்தாள். ஊருக்கே தெரியும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

மகள் தெக்லாவுக்கு ஐந்து வயது. ஆகஸ்டில் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். முதல் வாரம் பெற்றவர்கள் கூட வரலாம். அதற்கப்புறம் பிள்ளைகள் தாங்களாகவே நடந்து வர வேண்டும், மதியம் சாப்பாட்டுக்குத் தாங்களாகவே வீடு திரும்ப வேண்டும். கழுத்தில் பளிச்சென்று ஒரு ஆரஞ்சுப் பட்டை. போலீஸ்காரர் ஒருவர் வந்து சாலையோரத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, நில், பார், கேள், நட என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். பெர்ன் நகரை ஒட்டிய கிராமங்களில் இது காலங்காலமாக நடக்கிற விஷயம். யாரும் இதை ஒரு விஷயமாகவே பேசுவதில்லை.

கெத்தவான் ஜார்ஜியாக்காரி. அங்கே குத்தாய்சி நகரத்தில் அவள் சிறுமியாக இருந்த வருடங்களில் கரண்ட் இருக்காது, தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும், பிள்ளைகளை முற்றத்தைத் தாண்டி விடமாட்டார்கள். அணைக்கட்டு வேலைக்காக அங்கே வந்த ரேத்தோ சுட்டரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவன் பிறந்த இந்த ஊருக்கே குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. கதவைப் பூட்டாமல் கடைக்குப் போகப் பழகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்காமல், புல் வெட்டாமல் இருக்கப் பழகிவிட்டாள். இது மட்டும் முடியவில்லை.

"அஞ்சு வயசுக் குழந்தையை எப்படி ரேத்தோ ரோட்டுல தனியா விடறது?"

"நானும் அஞ்சு வயசுல தனியாத்தான் போனேன். இதே ரோடு. எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"உனக்கு என்ன ஆச்சுன்னு உன்னைக் கட்டிக்கிட்டவளுக்குத்தான் தெரியும்."

ரேத்தோ சிரித்துவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டான். அவள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மகள் போன திசையில் கிளம்பினாள்.

தெக்லாவோடு பக்கத்து வீட்டு மலினும், தபால்காரம்மா மகன் லெவினும் போவார்கள். மூன்று பேரும் நத்தை மாதிரி நகர்வார்கள். ஒரு குச்சி கிடைத்தால் அதற்கு ஒரு சண்டை, ஒரு குட்டை கிடைத்தால் அதில் ஒரு குதி. கெத்தவான் விறகு அடுக்கின் பின்னால், பேருந்து நிறுத்தத்தின் பின்னால், தேவாலயத்துச் சுவரின் பின்னால் நின்று நின்று போவாள். பள்ளிக்கூட வாசலில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து உள்ளே அழைப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு திரும்பும்.

செப்டம்பர் கடைசியில் கெர்பர் டீச்சர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். காப்பி கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார். பிறகு குரல் மாறாமலே, ஃப்ராவ், அதாவது திருமதி என்று முறையாக விளித்துச் சொன்னார்.

"ஃப்ராவ் சுட்டர், நீங்க பின்னாடி வர்றது பிள்ளைங்களுக்குத் தெரியுது. அந்த வழி அவங்களோடது. அவங்க சண்டையை அவங்களே தீத்துக்கணும். பெரியவங்க நிழல் விழுந்தா அது நடக்காது."

கெத்தவானுக்கு முகம் எரிந்தது. "உங்ககிட்ட யாரு சொன்னாங்க?"

"ஒரு பெற்றோர். மத்தப் பிள்ளைங்க நலனுக்காகத்தான் சொன்னாங்க."

யாரென்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. விறகு அடுக்குக்கு நேர் எதிரேதான் மலினின் அம்மா ரூத் ஷ்டெட்லரின் சமையலறை ஜன்னல். தினமும் அவளைப் பார்த்து, "காலை வணக்கம், ஃப்ராவ் சுட்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்!

அன்றோடு கெத்தவான் பின்னால் போவதை நிறுத்தினாள். அது எளிதாக இல்லை. காலையில் மகளை அனுப்பிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் நாட்கள் போகப் போக, தெக்லா மதியம் கன்னம் சிவந்து, பசியோடு வந்து நிற்பதைப் பார்க்கும்போது, ரேத்தோ சொன்னது சரிதானோ என்று தோன்ற ஆரம்பித்தது. பிள்ளையின் காலணியில் சேறு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதை அவள் கழுவி வைத்தாளே தவிர யோசிக்கவில்லை.

நவம்பரில் பனிமூட்டம் இறங்கியது. எதிர் வீட்டுக் கூரை தெரியாத நாட்கள். அப்படி ஒரு நாள், மதியம் சூப் கொதித்து, அடங்கி, ஏடு கட்டிய பிறகும் தெக்லா வரவில்லை.

கெத்தவான் முதலில் வாசலில் நின்றாள். பிறகு தெருமுனையில் நின்றாள். பிறகு ஓடிப்போய் ஷ்டெட்லர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ரூத் வாயைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். உள்ளே மேசையில் மலின் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

"தெக்லா எங்க? மலினோட வரலையா?"

ரூத் திரும்பி மகளைப் பார்த்தாள். மலின் முள்கரண்டியைக் கீழே வைத்தது. "அவ எங்ககூட வர மாட்டா."

"எப்பலருந்து?"

"ரொம்ப நாளா. அவ ஓடைப் பக்கமா போவா."

ஓடை என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தெரியும். கெத்தவான் வீட்டுச் செருப்போடு ஓடினாள். தேவாலயத்துக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் வயலோரமாக ஒரு மண்பாதை, அதை ஒட்டி ஓடை. ஒரு வாரமாகப் பெய்த மழையில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு பழுப்பாக ஓடியது. ஆரஞ்சு நிறம் கண்ணில் படுகிறதா என்று பார்த்தாள். தண்ணீரில் பட்டுவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டாள். "தெக்லா! தெக்லாம்மா!" என்று கத்தினாள். அவள் ஊரில் அம்மாவும் மகளை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். பனிமூட்டம் குரலை விழுங்கிவிட்டது. பதிலுக்கு ஒரு மாட்டு மணி மட்டும் எங்கோ கேட்டது.

பின்னால் சைக்கிளில் ரூத் வந்துவிட்டாள். அதற்குள் நாலைந்து பேருக்குப் போன் செய்திருந்தாள். தபால்காரம்மா மேல் ரோட்டில், தீயணைப்புக் குழுக்காரர் இருவர் பாலத்துக்கு அந்தப் பக்கம். எல்லாம் நொடியில், சத்தமே இல்லாமல் ஏற்பாடாகியிருந்தது.

"ஜாக்கெட் நீலம்தானே?" என்று கேட்டாள் ரூத். "வாங்க, மாடு வளர்க்கிற லூதி தொழுவத்துல பாப்போம். அவர் போனை எடுக்கல. ஆனா தினமும் அவ அங்க நின்னுட்டுத்தான் போவா."

கெத்தவான் நின்றாள். "தினமுமா?"

ரூத் சைக்கிளைத் திருப்பினாள்.

தொழுவத்துக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு. வைக்கோலும் சாணமும் சூடும் கலந்து முகத்தில் அடித்தது. லூதி முழங்கால் போட்டு, தோள்வரை சட்டையைச் சுருட்டிவிட்டு, ஈனமுடியாமல் கிடந்த ஒரு மாட்டின் பின்னால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில், கவிழ்த்துப்போட்ட வாளி மேல், ஆரஞ்சுப் பட்டையோடு தெக்லா. வாயைத் திறந்தபடி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கால் வந்துடுச்சு," என்றாள். "ரெண்டு கால் வந்துடுச்சு. இப்ப தலை வரணும்."

கெத்தவான் அவளை வாரி எடுத்தாள். அடிக்க ஓங்கிய கை அணைப்பதில் போய் முடிந்தது. தெக்லா திமிறினாள், கன்றைப் பார்க்க வேண்டும் என்று அழுதாள். லூதி நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் வியர்வை.

"ஐயோ, மணி ஆயிடுச்சா? காலையிலருந்து இதோட போராடுறேன். பொண்ணு வழக்கமா தானா கிளம்பிடுவா."

"வழக்கமாவா? அவ இங்க வர்றான்னு ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். உங்க பொண்ணுதானே."

வெளியே ரூத் போனில் ஒவ்வொருவருக்காக, கிடைத்துவிட்டாள், நன்றி, கிடைத்துவிட்டாள், நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை கெத்தவான் காத்திருந்தாள்.

"உனக்குத் தெரியும். இல்லையா?"

ரூத்தின் முகம் இறுகியது. நான்கு வருடத்தில் இருவரும் 'நீங்க' என்பதை விட்டு 'நீ'க்கு இறங்கியதில்லை. அதற்கு முறை இருக்கிறது. வயதில் மூத்தவள் கை நீட்டிப் பெயர் சொல்லி அனுமதி தர வேண்டும். கெத்தவானுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை.

"ஒரு தடவை, ரெண்டு தடவை பாத்தேன்," என்றாள் ரூத். "ஜன்னல்லருந்து."

"நான் என் பொண்ணு பின்னாடி போனதைச் சொல்ல டீச்சர்கிட்டப் போனே. என் பொண்ணு தன்னந்தனியா ஆத்தோரம் போறதைச் சொல்ல என் வீட்டு வாசல் உனக்குத் தெரியலையா? பத்து எட்டு இருக்குமா?"

"நீங்க பின்னால வந்தது என் பிள்ளையையும் பாதிச்சுது. அதனால சொன்னேன். இது உங்க வீட்டு விஷயம், ஃப்ராவ் சுட்டர். நீங்க அனுமதிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். நான் வந்து சொல்லி, நீங்க பிள்ளையைக் கவனிக்கலைன்னு சொல்றமாதிரி ஆயிட்டா?" போனை ஜாக்கெட் பையில் போட்டாள். "எனக்கும் தூக்கம் வரல, அவ தனியா போறதைப் பாத்துட்டு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் கெத்தவானைத் திகைக்க வைத்தது. தூக்கம் வராமல் கிடந்திருக்கிறாள். ஆனாலும் வந்து கதவைத் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து, தொட்டியில் வெந்நீர் நிரப்பி, மகளை உட்காரவைத்த பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏன்டி செல்லம், மலின்கூடப் போகலை?"

தெக்லா நுரையை ஊதினாள். "அவங்க ஓடிடுவாங்க. உன் போலீஸ் வருது, உன் போலீஸ் வருதுன்னு சொல்லிட்டு ஓடிடுவாங்க."

"யாரு போலீஸ்?"

"நீதான். விறகுக்குப் பின்னாடி நிப்பியே. லெவின் சொன்னான், பாப்பாவுக்குத்தான் அம்மா வருவாங்கன்னு."

"நான்தான் வர்றதை நிறுத்திட்டேனே!"

"நீ நிறுத்தின. அவங்க நிறுத்தலை." பிள்ளை அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னாள். "ஓடைப் பக்கம் யாரும் ஓட மாட்டாங்க. மாடு பாக்கலாம்."

கெத்தவான் துண்டை எடுக்கிற சாக்கில் வெளியே வந்து, துவைக்கும் அறையில் நின்று அழுதாள்.

ரேத்தோ பாதி வேலையில் கிளம்பி வந்தான். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. ஆனாலும், "நல்லவேளை, ஒண்ணும் ஆகல," என்றான். "பேசித் தீத்துக்கலாம்."

"ஒண்ணும் ஆகலையா? ஊரே ஜன்னல்லருந்து பாத்துட்டு இருந்திருக்கு, ரேத்தோ. ஒருத்தரும் வாயைத் திறக்கல. இதைத்தான் நீ நம்பிக்கைன்னு சொல்றியா?"

அவன் ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டினான். பிறகு, "நான் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். அந்தக் குணத்துக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். அன்று அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ரூத் மலினைக் கையில் பிடித்து வந்தாள். மலின் ஒப்பித்தது மாதிரி மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டியது. தெக்லா கை குலுக்கினாள். எல்லாம் முறைப்படி நடந்தது. அதற்கடுத்த நாள் காலையில் மலினும் லெவினும் முனையில் காத்து நின்றார்கள். மூவரும் கிளம்பினார்கள். ஜன்னலிலிருந்து கெத்தவான் பார்த்தாள். இரண்டு பேர் முன்னால். தெக்லா பின்னால், யாரோடும் ஒட்டாமல், பட்டையை விரலில் முறுக்கிக்கொண்டு. முன்னால் போன இருவரும் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பாதையில் நடந்தாள். ரேத்தோ வரவில்லை. வழுக்குகிற இடத்தைக் காட்டினாள். வேர் துருத்திய இடத்தில் இருவரும் நின்று, எப்படிக் கால் வைப்பது என்று பார்த்தார்கள். கரைக்கு எவ்வளவு தூரம் தள்ளி நடக்க வேண்டும் என்பதைத் தெக்லாவே ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். தொழுவத்தில் லூதியிடம், "இவ தினமும் மத்தியானம் வருவா. எனக்குத் தெரியும். வராட்டி எனக்குப் போன் பண்ணுங்க. நம்பரைச் சொல்றேன்," என்றாள். லூதி கையைத் துடைத்துக்கொண்டு நம்பரைத் தொழுவத்துக் கதவிலேயே சாக்பீஸால் எழுதினார்.

தெக்லா இனி ஓடைப் பாதையில்தான் வீடு திரும்புவாள் என்று திங்கள் காலை கெர்பர் டீச்சரிடமும் சொன்னாள்.

"அது நாங்க சொல்ற வழி இல்லையே, ஃப்ராவ் சுட்டர்."

"தெரியும் டீச்சர்."

"பொறுப்பு உங்களோடது ஆயிடும்."

"என்னோடதுதான். ஆனா ரகசியமா இருக்க வேண்டாம்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்."

கெர்பர் டீச்சர் அவளுக்குக் கை கொடுத்தார். வரும் வழியில் கெத்தவான் ரூத்தின் கதவைத் தட்டி அதையே சொன்னாள். ரூத் கேட்டுக்கொண்டு தலையசைத்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவையும் உடனே மூடவில்லை.

அன்று மதியம் கெத்தவான் படியில் உட்காரவில்லை. மேசையில் இரண்டு தட்டு வைத்தாள், ரொட்டி வெட்டினாள், வெட்டியதையே இன்னும் மெல்லிசாக வெட்டினாள். செய்தது சரியா, அல்லது பிள்ளையின் தனிமைக்குத் தானே வழி போட்டுக் கொடுத்துவிட்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் காலணியை உதறும் சத்தம் கேட்டபோது கத்தி கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது.

"அம்மா, கன்னு துள்ளிக் குதிக்குது!" என்று கத்திக்கொண்டே தெக்லா உள்ளே வந்தாள். தலைமுடியெல்லாம் வைக்கோல் வாசனை. "லூதி தாத்தா பேர் வைக்கச் சொன்னார்."

"என்ன பேர் வெச்சே?"

"இன்னும் யோசிக்கலை. எனக்குப் பசிக்குது."

கெத்தவான் சூப்பை ஊற்றினாள். பிள்ளை குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். தன் தட்டைத் தொடவே இல்லை.