வாய்க்குக் காவல்

நிஷாந்திக்கு அன்றைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டிருந்தால், புருஷனின் வாயைக் காவல் காப்பது என்றுதான் சொல்லியிருப்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் மதுரனின் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிற கெடி. பை அவளுக்கு ஒரு பாரமே இல்லை. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஈரக் கொழுந்து மூட்டையோடு மேடு ஏறி இறங்குகிற தோளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்! அவளுக்குப் பாரம் ஸ்வெட்டர் பையில் கிடந்த இஞ்சி டொபிகள்தான். அடுத்த ஆட்டக்காரர் பந்தை அடிக்கப் போகும்போதெல்லாம் மதுரனின் வாயில் ஒரு டொபி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாய் குடும்பத்தைக் குப்புறத் தள்ளிவிடும்.

மதுரன் இந்த விளையாட்டுக்கு வந்தது பெரிய மனிதர்கள் வருகிற வழியில் அல்ல. பள்ளிக்கூடம் முடிந்ததும் நுவரெலியா மைதானத்தில் கெடி வேலைக்குச் சேர்ந்தான். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற மஃறூப் முதலாளியின் மகன் அஃப்ஹமுக்குத்தான் அதிக நாள் பை தூக்கினான். யாரோ ஒரு துரை முறித்து எறிந்த மட்டையை ஒட்டவைத்து, தோட்டத்துப் பெரட்டு களத்தில் பேர் கொடுக்க ஆள் சேருவதற்கு முந்தி விடிகாலையில் அடித்துப் பழகினான். ஒருநாள் பந்து தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா வீட்டுத் தகரத்தில் போய் விழுந்தது. அவர் சாரத்தை அள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்த அழகை லயத்து வரிசை வீடெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மழை நாட்களில் லயத்து அறையான காம்பராவுக்குள் சிமெந்துத் தரையில் டம்ளரைச் சாய்த்து வைத்து அதற்குள் பந்தை உருட்டுவான். கல்யாணமான புதிதில் நிஷாந்திக்கு அந்த ‘டொக்’ சத்தம் கேட்டால் தலைவலி வரும். பிறகு அது கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை.

மைதானம் அங்கத்தவர்களுக்குப் பூட்டியிருக்கிற நாளில் கெடிகள் விளையாடலாம். அங்கே அவனை வெல்ல ஆள் இல்லாமல் போனது. கெடிகளுக்கான போட்டியில் கோப்பை வாங்கிய அன்றைக்கு அஃப்ஹமே வந்து, “மதுரன், நீங்க இனி என்ட பையத் தூக்க வாணாம். தேசிய அணித் தெரிவுக்குப் பேரக் குடுங்க” என்றார்.

கொடுத்தான். ஆனால் வாய் இருக்கிறதே!

கெடிக்குக் கால் நடக்கும், தோள் தூக்கும், வாய்தான் சம்பாதிக்கும். பந்து கிடக்கிற தூரத்தைக் கண்ணால் அளந்து, காற்றைப் பார்த்து, எத்தனையாம் நம்பர் மட்டை என்று சட்டென்று சொல்ல வேண்டும். நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும். இத்தனை வருடம் அதைச் சொல்லியே பழகின வாய். போட்டியில் ஆடுகிறவன் மற்ற ஆட்டக்காரனுக்கு அதைச் சொல்லவே கூடாது. சொன்னால் இரண்டு அடி அபராதம். கேட்டவனுக்கும் இரண்டு அடி. போன வருடம் கொழும்பில் முன்பின் தெரியாத ஒருத்தன் வானத்தைப் பார்த்து, “ஆறா, ஏழா?” என்று அலுத்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற மதுரன், “ஆறு” என்று சொல்லிவிட்டான். அந்த இரண்டு அடியில்தான் தெரிவு கைநழுவியது.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் சிரிக்கவே இல்லை. சாப்பிடுவான், படுப்பான், விடிகாலையில் எழுந்து போவான். “இந்தத் தடவையும் இல்லன்னா மட்டைய எல்லாம் வித்துட்டு கொழும்புல கடை வேலைக்குப் போறேன்” என்று ஒருநாள் சொன்னான். கடை வேலைக்குப் போகிறவன் ஒழுங்காக இருப்பான் என்று நிஷாந்திக்கு நம்பிக்கை இல்லை. உயிரை இங்கே வைத்துவிட்டு உடம்பைத்தான் கொண்டுபோவான்.

“நீ வா புள்ள. பையத் தூக்கு” என்றான் பிறகு.

“எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே.”

“அதான் வேணும். தெரிஞ்சவன் வந்தா அவனும் என்கூடச் சேந்து வாயத் தொறப்பான். கெடி சொன்னாலும் ரெண்டு அடி வெட்டு எனக்குத்தான். நீ என் வாய மட்டும் பாத்துக்க.”

இந்த வருடத் தெரிவு இரண்டு நாள் ஆட்டம். ஆறு பேருக்கு இடம். இரண்டாம் நாள் இருவர் இருவராக விட்டார்கள். யாரோடு யார் என்று வாசித்தபோது மதுரனின் முகம் வெளுத்துப் போனது. அவனோடு ஆடப் போகிறவர் அஃப்ஹம். ஊரில் எத்தனையோ ஆட்டக்காரர் இருக்க, அவன் வாய் நம்பர் சொல்லிப் பழகிய அதே ஆள்!

காலையிலிருந்து நிஷாந்தி டொபியும் கையுமாகத்தான் நடந்தாள். அஃப்ஹம் பந்தருகே போனதும் மதுரன் வாயைத் திறப்பான், அவள் ஒன்றைப் போடுவாள். சாமி கும்பிட வந்தவனுக்குப் பிரசாதம் கொடுக்கிற மாதிரி இருந்தது. சிரிக்கத்தான் தோன்ற வேண்டும், அவளுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு குழி முடியும்போதும், அப்பாடா, இதில் ஒன்றும் நடக்கவில்லை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். மதுரனும் பிசகாமல் ஆடினான். பதினாறாவது குழி முடிந்தபோது, இப்படியே போனால் இடம் உண்டு என்று அவளுக்கே விளங்கியது. அதற்குப் பிறகுதான் பயம் அதிகமானது. கையில் ஒன்றும் இல்லாதபோது இருந்த தைரியம் இப்போது எங்கே போனதென்றே தெரியவில்லை.

பதினேழாவது சின்னக் குழி. ஒரே அடியில் பந்து புல்தரைக்குப் போய்விடும். ஆனால் மூடுபனி இறங்கிவிட்டது. பந்து விழுகிற இடத்தைப் பார்க்க அஃப்ஹமின் கெடியை முன்னால் அனுப்பிவிட்டார்கள். முதலில் அடிக்க வேண்டியவன் மதுரன். “ஏழக் குடு” என்று வாங்கிப் போனான். நிஷாந்தி பையில் டொபி தேடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை திரும்பி வந்து போனான். கை துடைக்க என்று நினைத்தாள். அழகான அடி. மட்டையைத் தானே பையில் செருகிவிட்டு, டொபியை வாயில் வாங்கிக்கொண்டு, அஃப்ஹமின் பேச்சே காதில் விழாதபடி தூரமாய்ப் போய் முதுகைக் காட்டி நின்றான். அவ்வளவு கவனம்.

அஃப்ஹம் பனியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, “எத்தன?” என்றார்.

எத்தனையோ வருடமாக அந்த இடத்தில் மதுரன் நிற்பான். கேட்டால் பதில் வரும். இன்றைக்கு அங்கே நின்றவள் நிஷாந்தி. ஒரு மனிதர் கை நீட்டிக் கேட்கிறார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் மரம் மாதிரி நிற்பது அவள் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம்.

“ஏழுதாங்க சேர் எடுத்தாங்க” என்றாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அஃப்ஹம் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் மறுபடி பனிப் பக்கம் திரும்பினார். ஏழாம் நம்பரையே உருவி அடித்தார். பந்து புல்தரையைத் தாண்டி அப்பால் பத்தைப் புதருக்குள் போய் விழுந்தது.

காவலுக்கு வைத்தவளே கதவைத் திறந்துவிட்டாளே! மதுரனுக்குத் தெரியாது. அவன் டொபியை மென்றுகொண்டு வந்து, பந்தைக் குழியில் போட்டுவிட்டு, முதல் தடவையாக அவளைப் பார்த்துத் தலையாட்டினான். நன்றாகப் போகிறது என்று அர்த்தம். அவள் பையைத் தோளில் ஏற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது யாருக்குத் தெரியும்? அஃப்ஹம் சேருக்கும் அவளுக்கும்தான். அவர் சொன்னால் அவருக்கும் வெட்டு. அவரும் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று கரையில் நிற்கிற ஆள்தான், ஏன் சொல்லப்போகிறார்? அவள் வாயை மூடிக்கொண்டால் பனியோடு பனியாகப் போய்விடும். இந்த மனிதன் மறுபடியும் சிரிப்பான். காம்பராவில் மறுபடியும் ‘டொக்’ கேட்கும். சொன்னால்? கொழும்புக் கடை. மூடிக்கொள்வோம் என்றே முடிவு செய்தாள். கடைசிக் குழி தொடங்குகிற மேட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அந்த முடிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

கடைசிக் குழி நீளமானது. குறுக்கே ஓடை. மதுரனின் முதல் அடி நடுவில் போய்க் கிடந்தது. பந்தருகே வந்ததும் அவன் தாழ்ந்த குரலில் கணக்குச் சொன்னான். முன்னால் ஆடியவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள். “இந்தக் குழிய ஆறு அடியில முடிச்சாலும் நமக்கு எடம் இருக்கு புள்ள. ஓடைக்கு இந்தப் பக்கமே மெதுவா வச்சுட்டு, அடுத்ததுல தாண்டிக்கலாம். ஒம்பதக் குடு.”

கையை நீட்டினான். நிஷாந்தி மட்டையைக் கொடுக்கவில்லை, பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பொய்யான கணக்கை நம்பி அவன் பத்திரமாக ஆடுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. குழந்தையை இல்லாத பாலத்தில் நடக்க விடுகிற மாதிரி இருந்தது.

“ஆறு பத்தாதுங்க.”

“என்னது?”

“ரெண்டு வெட்டு இருக்கு. நான்தாங்க. பதினேழுல அஃப்ஹம் சேர் எத்தனன்னு கேட்டாரு. வாய் தவறி ஏழுன்னு சொல்லிட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் கொட்டியது.

மதுரன் அவளையே பார்த்தான். அடித்தாலும் பட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றாள்.

“எத்தனன்னு சொன்ன?”

“ஏழு.”

“நான் அடிச்சது எட்டு.”

“நீங்க ஏழுதானே கேட்டீங்க?”

“எதிர்க்காத்து விழுந்துருச்சு. வந்து மாத்திக்கிட்டுப் போனேனே.” அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. “அதான் அவரு பந்து பத்தைக்குள்ள போச்சா? நான் என்னடா, மனுசன் இன்னைக்கு இப்படி அடிக்கிறாரேன்னு நெனச்சேன்…” குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு வருடத்துச் சிரிப்பு.

நிஷாந்திக்கு ஒரு நப்பாசை. “தப்பாத்தானே சொன்னேன், அப்பயும் வெட்டாங்க?”

“தப்பா சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடையைப் பார்த்தான். “அப்ப நாலு அடியில முடிக்கணும். சேருகிட்ட அடிக்கணக்குக் கார்டு எழுதும்போது சொல்லிக்கிறேன், இப்ப அவரக் கலைக்க வேணாம். பெரிய மட்டையக் குடு.”

அவள் கொடுத்தாள். பந்து ஓடைக்கு மேலே எழுந்து பனிக்குள் மறைந்தது. தண்ணீரில் விழுகிற சத்தத்துக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. பாலம் ஏறி அந்தப் பக்கம் போனபோது பந்து புல்தரையின் ஓரத்தில் கிடந்தது.

இரண்டு தட்டில் போட வேண்டும். முதல் தட்டில் பந்து குழிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது, காம்பராவில் அவன் டம்ளர் வைக்கிற தூரம்தான். அவளுக்குப் பார்க்கத் தைரியமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பனியில் எங்கோ ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. பிறகு, டொக்.

கார்டு ஒப்படைக்கிற கொட்டிலுக்குள் அஃப்ஹம் முன்னமே போய் உட்கார்ந்திருந்தார். மதுரனின் அடிகளை எழுதுவது அவர் பொறுப்பு. மதுரன் உள்ளே போனான், நிஷாந்தி வாசலில் நின்றாள். அஃப்ஹம் தலையைத் தூக்கவில்லை. கார்டை மேசையில் வைத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“மதுரன், பதினேழுல உங்களுக்கு ரெண்டு கூட்டி எழுதிட்டேன். எனக்கும் எழுதிட்டேன். நான்தான் கேட்டது. பழக்கத்துல கேட்டுட்டேன், உங்க வைஃப் பாவம், பதில் சொன்னாங்க. நான் வெளிய போய்ட்டேன், அது என்ட வாயால. உங்களையும் இழுத்துட்டுப் போறேனேன்னு கடைசிக் குழி முழுக்க யோசிச்சேன். மறைச்சுட்டுக் கையெழுத்துப் போட ஏலாம இருக்கு. மன்னிச்சுக்கங்க.”

“தெரியும் சேர்” என்றான் மதுரன்.

அஃப்ஹம் நிமிர்ந்தார். “தெரியுமா? எப்பயிலிருந்து?”

“ஓடையத் தாண்டி அடிக்க முந்தி.”

அஃப்ஹம் கடைசிக் குழிக்கு எழுதியிருந்த நாலைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றவளைப் பார்த்தார். மெல்லக் கார்டை மதுரன் பக்கம் தள்ளி, பேனாவையும் அதன்மேல் வைத்தார். “அப்ப கையெழுத்தப் போடுங்க. ஆறாவது ஆள் நீங்கதான்.”

நிஷாந்திக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அவள் சொல்லாமல் இருந்திருந்தாலும் அந்த இரண்டு அடி இந்த மேசைக்கு வந்து சேர்ந்திருக்கும். மதுரன் பத்திரமாக ஆறு அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே இந்தக் கொட்டிலுக்குள் நுழைந்திருப்பான். இடம் போய்விட்டது என்று இந்த மேசையில் வைத்துத்தான் தெரிந்திருக்கும். அந்த முகத்தை அவள் மனக்கண்ணில் ஒருமுறை பார்த்தாள். பையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மதுரன் வெளியே வந்து அவளுக்கு முன்னால் குந்தினான். “என்ன புள்ள, ஒக்காந்துட்ட? எடம் கெடச்சிருச்சு.”

“நான் சொல்லக் கூடாதுன்னுதாங்க இருந்தேன்” என்றாள். “வழியெல்லாம் அப்படித்தான் இருந்தேன். நீங்க கைய நீட்டாம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

அவன் அவளுடைய ஸ்வெட்டர் பையில் கைவிட்டுத் துழாவி, மிச்சமிருந்த ஒரு டொபியை எடுத்து, தாளைப் பிரித்து அவள் வாயில் போட்டான்.