சந்தேகப் பெட்டி

முக்கால்வாசி வாசித்துவிட்ட பிறகுதான் அந்தச் சீட்டு மடிக்கப்பட்டிருந்த விதம் அவள் கண்ணில் பட்டது. மூன்றாக மடித்து, விளிம்போடு விளிம்பு பிசகாமல் சேர்த்து, அதன்பின் பாதியாக. ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அப்படி மடிக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். தங்கும் விடுதியில் நாளுக்கு இருநூறு படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற அவளுடைய அம்மா. கையெழுத்தை இப்போது பார்த்தாள். சந்தேகமே இல்லை. அதற்குள் வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது.

“மை டாட்டர் டோன்ட் வாக் வித் மீ இன் தி ரோட். இதில் டோன்ட் வருமா, டஸன்ட் வருமா?”

வழக்கம்போல இழுத்து, திக்கி, பயந்தாங்கொள்ளிக் குரலில்தான் வாசித்திருந்தாள். ஞாயிறு மாலை என்றால் ஆங்கில வகுப்பில் அதுதான் வேடிக்கை. வாசலில் தொங்கும் பெட்டியில் காலை வகுப்புக்காரர்களும் மாலை வகுப்புக்காரர்களும் பெயர் போடாமல் சந்தேகங்களை எழுதிப் போடுவார்கள். அவற்றை வாசித்து விளக்கம் சொல்ல, பதினாறு வயதிலேயே ‘டிக்ஷனரி’ என்று பட்டம் வாங்கிய அவளை மாஸ்டர் வகுப்பின் முன்னால் நிறுத்துவார்.

அம்மாவுக்கு இங்கே என்ன வேலை? ஒரு மாதமாக ஷிஃப்ட் மாறிவிட்டதென்று ஆறு மணிக்கே கிளம்பிப் போகிறாளே. காலை வகுப்பு ஆறரைக்கு. சீட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். எல்லோரும் தன் முகத்தில் அம்மாவின் சாயலைத் தேடுவதுபோல் இருந்தது.

“ஏம்மா டிக்ஷனரி,” என்றார் கடைசி வரிசையிலிருந்து பஸ் கண்டக்டர், “அந்தப் பொண்ணு எதுக்கு அம்மா கூட நடக்க மாட்டேங்குதாம்?”

பேசாமல் இருந்திருக்கலாம். அடுத்த சீட்டை எடுத்திருக்கலாம்.

“இந்த இங்கிலீஷைக் கேட்டா யாருண்ணே கூட நடப்பாங்க?”

கண்டக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தெரியாமல் வாசித்தது வேறு, தெரிந்தபின் சொன்னது வேறு என்று உறுத்தியது. அதை மறைக்க இன்னும் சத்தமாக விளக்கினாள். “ஐ, யூ ரெண்டையும் விட்டுடுங்க. மத்தபடி ஒரே ஆளுன்னா டஸன்ட், பல பேருன்னா டோன்ட். டாட்டர் ஒருத்திதானே, அதனால டஸன்ட்.” அப்போதுதான் மேசைமேல் மாஸ்டரின் போன் கிடந்தது நினைவுக்கு வந்தது. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வாராவாரம் அதைத்தான் இரண்டு வகுப்பின் வாட்ஸப் குழுவுக்கும் அனுப்புவார்.

வகுப்பு கலைந்ததும் அவர் பின்னாலேயே ஓடினாள். “மாஸ்டர், இன்னிக்கு ஆடியோ அனுப்ப வேணாம் மாஸ்டர்.”

“அப்பவே அனுப்பியாச்சும்மா. நல்லாத்தானே சொல்லியிருக்கே?”

“அழிச்சிட முடியுமா? எனக்குத் தொண்டை சரியில்ல.”

“தொண்டையா? அந்த மிமிக்ரிக்கே தனியா டிக்கெட் போடலாம்,” என்று சிரித்தபடி அவர் ஷட்டரை இறக்கினார்.

கூட வராதே என்று அம்மாவிடம் அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வருஷம் பள்ளி வாசலில் அவளுடைய சிநேகிதியிடம் அம்மா ஆசையாக நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசினாள். சிநேகிதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் தெருமுனையில் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, “நீ முன்னால போம்மா, வரேன்” என்றாள் மகள். அன்று விழுந்த பத்தடி இடைவெளி அப்படியே நிலைத்துவிட்டது. அம்மா அதைக் கவனித்திருக்க மாட்டாள் என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் இயர்போன். இன்னொரு காதுக்கானது தோளில் தொங்கியது.

“வந்துட்டியா கண்ணு. உங்க மாஸ்டர்கிட்ட நானும் சேந்திருக்கேன். ஒரு மாசம் ஆச்சு.”

“ஏம்மா சொல்லல?”

“நாலு வார்த்தை ஒழுங்கா வந்தப்புறம் சொல்லலாம்னு.” கத்தி நிற்கவில்லை. “இன்னிக்கு நீ பேசினதை ரெண்டு தடவை கேட்டேன். ஒருத்தின்னா டஸன்ட். மாஸ்டர் சொன்னப்பகூட இப்படிப் புரியல.”

“அம்மா, அந்தச் சீட்டு...”

“யாரோ பாவம். தெரியாமத்தானே கேக்கிறாங்க.”

தப்பித்துப் போக அம்மாவே கதவைத் திறந்துவிட்டாள். போகாமல் நின்றிருக்கலாம்.

“ஆமாம்மா,” என்றாள். “யாரோ.”

அம்மா தலையை ஆட்டினாள். நறுக்கிய பீன்ஸை ஒரே அளவாக ஒதுக்கி வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ஓவென்று அழுதாவது ஆறியிருக்கலாம்.

“எண்ணெய் தீந்துபோச்சு. கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்,” என்று அம்மா எழுந்தாள்.

“நானும் வரேன்.”

அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்தாள். இருவரும் மூன்று மாடி இறங்கினார்கள். அவள் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். அம்மா, எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன். ஒவ்வொரு படியிலும் அது தயாராக இருந்தது. அடுத்த படியில் கலைந்துபோனது.

கீழே, எதிர்ச் சுவரில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு பள்ளியில் அவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இவளைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கால் வெளியே தெருவில், ஒரு கால் இன்னும் படியில். திரும்பி, கோபமோ வருத்தமோ இல்லாமல், எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

“நான் முன்னால போகட்டுமா, பின்னால வரட்டுமா?”